பி3எச்டி–பிசிபிஎம்மா, பிஎம்6–ஒய்6ஆ: கலப்பதிலும் பிரிவதிலும் எது மேல்?

கார்பன் சேர்மங்களால் ஆன கரிமச் சூரிய மின்கலம் என்றாலே பேச்சு, விழும் ஒளியில் எவ்வளவு மின்சாரமாகிறது என்ற செயல்திறன் விழுக்காட்டில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்த எண்ணுக்கு அடியில் இருக்கும் கேள்விதான் எனக்கு முக்கியமானது. எலக்ட்ரானைக் கொடுக்கும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) ஒன்றையும், அதை ஏற்கும் சிறுமூலக்கூறு (ஏற்பான்) ஒன்றையும் ஒரே கரைசலில் இட்டுப் படலமாக்கினால் அவை எவ்வளவு கலக்கும், எவ்வளவு பிரியும், அந்த நிலையிலேயே எவ்வளவு காலம் நிற்கும்? அப்படிப்பட்ட இரண்டு ஜோடிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: பழைய பி3எச்டி–பிசிபிஎம், புதிய பிஎம்6–ஒய்6. ஒவ்வொன்றிலும் முதலாவது பாலிமர், இரண்டாவது ஏற்பான்.

இரண்டும் தேவை என்பதுதான் சிக்கல். ஒளி பட்டதும் பாலிமருக்குள் பிறக்கும் எக்சைட்டான் (பிணைந்த எலக்ட்ரான்–துளை இணை) சுமார் 10 நானோமீட்டர் நகர்வதற்குள் அழிந்துவிடும். அதற்குள் அது ஏற்பானின் எல்லையைத் தொட்டாக வேண்டும், ஆகவே இரண்டும் நெருங்கிக் கலந்திருக்க வேண்டும். எல்லையில் பிரிந்த மின்னூட்டங்களோ மின்வாயை அடைய ஆளுக்கொரு தனித்தடம் கேட்கின்றன, ஆகவே இரண்டும் பிரிந்தும் இருக்க வேண்டும்.

சிறுமூலக்கூறுக்கு இதில் இயல்பாகவே ஒரு வசதி உண்டு. பாலிமர்க் கலவை எப்போது பிரியும் என்று கணிக்கும் ஃபுளோரி–ஹக்கின்ஸ் கணக்குப்படி, தலா 100 அலகு நீளமுள்ள இரண்டு பாலிமர்களைக் கலந்தால், அவற்றின் இடைவினை எண் (ஒன்றையொன்று எவ்வளவு விலக்குகின்றன என்பதன் அளவு) 0.02ஐத் தாண்டினாலே பிரிவு தொடங்கக்கூடும். ஒன்றை ஓரலகுச் சிறுமூலக்கூறாக மாற்றினால் அந்த வரம்பு 0.6க்கு எகிறுகிறது. முப்பது மடங்கு சகிப்பு! எந்தக் கரைப்பான், எவ்வளவு சூடு என்று வேண்டியபடி மாற்றிப்பார்க்க இடம் கிடைப்பது இதனால்தான்.

முதலில் பழைய ஜோடி. பி3எச்டி படிகமாகும் பாலிமர், பிசிபிஎம் ஒரு ஃபுல்லரின், அதாவது உருண்டையான கார்பன் கூண்டு மூலக்கூறு. கரைசலைச் சுழற்றிப் பூசி வேகமாக உலரவிட்டால் படலம் ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும். சூடேற்றினால் கண்ணெதிரே ஊதாவாகக் கறுக்கும். பாலிமர்ச் சங்கிலிகள் நிமிர்ந்து படிகமாக அடுக்கிக்கொள்வதைக் கருவி எதுவும் இல்லாமல் பார்த்துவிடலாம் என்பதே இந்த ஜோடியின் மீது எனக்கு இருக்கும் பிரியத்துக்குப் பாதிக் காரணம். 2005இல் ஆலன் ஹீகரின் சாண்டா பார்பரா குழு 150 பாகை செல்சியசில் பதப்படுத்தி 5 விழுக்காட்டை எட்டியது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலசில் யாங் யாங் குழு, படலத்தை மெதுவாக உலரவிட்டு, பிறகு குறைந்த சூட்டில் சிறிது நேரம் பதப்படுத்தி 4.4 விழுக்காட்டை எடுத்தது. சங்கிலிக்கு அடுக்கிக்கொள்ள நேரம் கொடுத்தால், அவ்வளவு சூடு கட்டாயமில்லை.

ஆனால் இந்தப் பதம் பாகுப் பதம் போன்றது. கொஞ்சம் தாண்டினாலும் கெடும். நீண்ட நேரம் சூட்டில் வைத்த படலத்தைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால், பிசிபிஎம் ஊசி ஊசியாகப் படிகமாகி நிற்பது தெரியும். ஒவ்வோர் ஊசியைச் சுற்றியும் வெளிறிய ஒரு வளையம் இருக்கும். அக்கம்பக்கத்து ஃபுல்லரினையெல்லாம் அந்த ஊசி உறிஞ்சிக்கொண்டதன் தடம் அது. பி3எச்டியின் கண்ணாடிநிலை வெப்பநிலை (படிகமாகாத பாலிமர் விறைப்பு நீங்கி இளகும் வெப்பநிலை) அறை வெப்பத்துக்கும் கீழே இருப்பதால், படிகமாகாத பகுதியில் பிசிபிஎம் எளிதாகக் கரைந்து நகர்கிறது. கலவையைத் தாங்கிப் பிடிப்பது பி3எச்டியின் படிக வலைதான். எந்த விகிதத்திலும் வெப்பத்திலும் கலவை எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும், 2008இல் வெளியான நிலைவரைபடமும் இதை உறுதி செய்தது. இது ஒரு யூடெக்டிக் கலவை, அதாவது ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் மிகக் குறைந்த வெப்பத்தில் உருகுவது. சிறந்த கலங்கள் அந்த யூடெக்டிக் விகிதத்தைவிட ஃபுல்லரின் சற்றுக் கூடுதலாக இருக்கும் இடத்தில் அமைகின்றன.

புதிய ஜோடிக்கு வருவோம். சீனாவின் சாங்ஷாவில் ஸோ யிங்பிங் குழு 2019இல் ஒய்6ஐ வெளியிட்டது. பிஎம்6 உடன் சேர்த்து 15.7 விழுக்காடு. வியப்பு அந்த எண்ணில் இல்லை. குளோரோஃபார்மில் பூசிய உடனேயே, சேர்ப்பொருளும் பதப்படுத்தலும் இல்லாமலே, கிட்டத்தட்ட அதே திறன் கிடைத்தது. பி3எச்டியிடம் அப்படி எதிர்பார்க்க முடியாது. ஒய்6 மூலக்கூறுகள் ஒன்றோடொன்று தாமாகவே நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. 900 நானோமீட்டர் வரை ஒளியை உறிஞ்சவும் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிசிபிஎம் அதிகம் தொடுவதே இல்லை.

நிலைத்து நிற்பதில் எது மேல்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. பாலிமரோடு ஒத்துப்போகாத ஏற்பான் விரைவில் பிரிந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்போம். 2017இல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் பிரபெக் குழு ஆராய்ந்த ஒரு பாலிமர்–ஃபுல்லரின் கலவை அப்படித்தான் நடந்துகொண்டது. தொடக்கத்தில் நல்ல திறன் காட்டிய அந்தக் கலம், ஒளியும் சூடும் இல்லாத இருட்டிலேயே தானாகப் பிரிந்து சரிந்தது. ஆனால் 2021இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஏட் குழு ஃபுல்லரின் அல்லாத ஏற்பான்களை அளந்தபோது வேறொரு படம் தெரிந்தது. பாலிமரோடு மிகக் குறைவாக ஒத்துப்போகும் ஏற்பான்களே, அதனுள் ஊடுருவ மிக அதிக ஆற்றல் கேட்கின்றன. வெப்ப இயக்கவியல்படி அவை பிரிந்தாக வேண்டும். ஆனால் நகர முடியாததால் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கின்றன. வெயிலில் கிடக்கும் தகடு எளிதாக 60 பாகையைத் தாண்டும் என்பதால், இந்த உறைவு எந்தச் சூட்டில் இளகும் என்பதே வாழ்நாளைத் தீர்மானிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. நிலைப்பிரிவைக் கண்ணால் பார்த்துப் பயில விரும்பும் மாணவருக்குப் பி3எச்டி–பிசிபிஎம்மைத்தான் கொடுப்பேன். அந்தப் பாலிமரைத் தயாரிப்பதும் எளிது, மொத்தமாகவும் செய்யலாம். மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால் பிஎம்6–ஒய்6 வகைதான், போட்டியே இல்லை. ஆனால் ஒய்6ஐத் தயாரிக்கப் பல படிகள் வேண்டும், விலை குறைவது எளிதல்ல. அடுத்து, இந்த வகைக் கலத்தின் திறனை அறிவிப்பவர்கள் சூட்டில் வைத்து எடுத்த நீண்டகால வரைபடத்தையும் கட்டாயம் காட்ட வேண்டும். முதல் நாள் எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகர்வது நியாயமில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் வளர்ந்துவருகிறது. ஏற்பான் சிறுமூலக்கூறுகளையே கோத்துச் சங்கிலியாக்குவது. 2017இல் சீன வேதியியலாளர் லீ யோங்ஃபாங்கின் குழு இதைத் தொடங்கிவைத்தது. சங்கிலி நீண்டால் நகர்வு குறையும், ஊசிப் படிகத் தொல்லையும் குறையும். ஆனால் இரண்டு பக்கமும் பாலிமர் ஆகிவிட்டால், முதலில் சொன்ன முப்பது மடங்குச் சகிப்பு கையைவிட்டுப் போகிறது. ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் சங்கிலி நீளம் சற்று மாறும், அதோடு கலவையின் நடத்தையும் மாறும். நீளத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும் தயாரிப்பு முறை கைகூடினால் என் வாக்கு இந்த மூன்றாவதுக்குத்தான்.