அடுக்கடுக்காக வெட்டி ஓர் உருவம்: ஸ்லைசர், ஓப்பன்ஸ்கேட், கூடவே ஒரு வெர்னியர்

ஷீட்டை லேசரில் அடுக்கடுக்காக வெட்டி, ஒட்டிச் செய்யும் 180 மி.மீ. உயரமுள்ள ஒரு தலை உருவம். ஷீட்டின் தடிமன் 3 மி.மீ. என்று கொடுத்தால் மென்பொருள் அதை 60 அடுக்காக நறுக்கித் தரும். கடையில் 3 மி.மீ. என்று விற்ற எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), தடிமன் அளக்கும் வெர்னியரில் 2.8 காட்டினால், ஒட்டி முடித்த தலை 168 மி.மீ.தான் வரும். முகம் அமுங்கி, யார் சாடை என்றே தெரியாமல் போகும். எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விக்கு முன்னால் தீர்க்க வேண்டிய விஷயம் இதுதான். ஷீட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து சராசரி எடுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் அதே ஷீட்டிலிருந்து பத்துச் சிறு துண்டுகளை ஃபெவிகால் தடவி, இறுக்கிக் காயவைத்து, மொத்த உயரத்தைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பசையின் கனமும் அதில் அடங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் எம்.டி.எஃப். ஈரம் குடித்து உப்பும். போன மாதம் அளந்த எண்ணை நம்பி இந்த மாதம் வெட்டக் கூடாது.

இனி மென்பொருள். ஆட்டோடெஸ்கின் ‘123டி மேக்’ தான் பிறகு ‘ஸ்லைசர் ஃபார் ஃபியூஷன் 360’ என்று பெயர் மாறியது. இப்போது அதற்கு ஆதரவும் இல்லை, புதிய பதிப்பும் இல்லை. ஆனாலும் துண்டுகளில் காடி (ஒன்றுக்குள் ஒன்று செருகும் பிளவு) வெட்டிக் கோக்கும் வேலைக்கு அதைவிட வசதியானது இன்னும் கைக்குச் சிக்கவில்லை. எஸ்.டி.எல். அல்லது ஓ.பி.ஜே. வகை முப்பரிமாணக் கோப்பைத் திறந்து, ஷீட்டின் நீள அகலத்தையும் தடிமனையும் கொடுத்து, முறையைத் தேர்ந்தால் போதும். அடுக்கிய துண்டுகள், குறுக்கு நெடுக்காகக் கோத்த துண்டுகள், ஆரைபோல் விரியும் துண்டுகள் ஆகிய மூன்றும் அன்றாடம் பயன்படுபவை. மடித்து ஒட்டும் முறை அட்டைக்குத்தான் சரி.

எஸ்.டி.எல். கோப்பில் அலகு என்பதே கிடையாது, வெறும் எண்கள்தான். மி.மீ.யில் வரைந்ததை அங்குலமாக எடுத்துக்கொண்டால் உருவம் 25.4 மடங்கு வீங்கிவிடும். உள்ளே கொண்டுவந்ததும் உயரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெஷ்ஷில், அதாவது முக்கோணங்களால் ஆன உருவத்தின் மேற்பரப்பில், ஓட்டை இருந்தால் அந்த உயரத்தில் வெட்டுக்கோடு மூடாமல் வாய் திறந்து நிற்கும். அதையும் முதலிலேயே அடைக்க வேண்டும். ஸ்கேன் செய்த மெஷ் என்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் டெசிமேட் போட்டு ஒரு லட்சம் முக்கோணங்களுக்குக் கீழே குறைத்துவிடலாம். 3 மி.மீ. அடுக்கில் அதற்கு மேல் இருக்கும் நுணுக்கம் எப்படியும் தெரியப்போவதில்லை.

வெறும் அடுக்கு முறைதான் வேண்டுமென்றால் ஸ்லைசரைத் தேடி அலையவே தேவையில்லை. கட்டளை எழுதி உருவம் வரையும் இலவச ஓப்பன்ஸ்கேடில் ப்ரொஜெக்‌ஷன் கட்டளைக்கு ‘கட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால், பூஜ்ஜிய உயரத்தில் உள்ள குறுக்குவெட்டு கிடைக்கும். உருவத்தை ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே இறக்கி இறக்கி எஸ்.வி.ஜி. என்ற கோட்டுப்படக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அடுக்கின் எண்ணை மாறியாக வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் அத்தனை கோப்பும் தானாக விழும். வெட்டும் உயரத்தை அடுக்கின் அடியில் வைக்காமல் நடுவில் வையுங்கள்: 2.8 மி.மீ. தடிமனுக்கு 1.4, 4.2, 7.0 என்று போகும். தட்டையான முகம் ஒன்று சரியாக வெட்டும் உயரத்திலேயே கிடந்தால் வரும் குழப்பமும் இதில் தவிர்ந்துவிடும். ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருளிலும் பார்ட் பகுதியில் குறுக்குவெட்டுக் கருவி இருக்கிறது. சாலிட் மாடலுக்கு அது நன்றாக வேலை செய்யும்.

உருவத்தை எந்தத் திசையில் படுக்கவைத்து நறுக்குகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. 45 பாகைச் சரிவில் 3 மி.மீ. அடுக்கு 3 மி.மீ. படிக்கட்டாகத் தெரியும். சரிவு 15 பாகையாகக் குறைந்தால் அதே படி 11 மி.மீ.க்கு மேல் அகலமாகும். தலையின் உச்சி, கன்னத்தின் மேற்பகுதி போன்ற இடங்கள் வயல் வரப்புபோல் ஆவது இதனால்தான். பார்வைக்கு முக்கியமான பகுதியில் சரிவு செங்குத்தாக வரும்படி உருவத்தைத் திருப்பி வையுங்கள்.

எடையும் ஷீட் செலவும் குறைய உள்ளே குடைவது வழக்கம். இதில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு அடுக்கின் வெளிக்கோட்டையும் இங்க்ஸ்கேப் என்ற கோட்டுப்பட மென்பொருளில் 10 மி.மீ. உள்ளே தள்ளி வளையமாக்கினால், மேலே சொன்ன 15 பாகைச் சரிவில் படி 11 மி.மீ., வளையம் 10 மி.மீ. மேல் வளையம் கீழ் வளையத்தின் மேல் உட்காராமல் துளைக்குள் விழுந்துவிடும். குடைவதை முப்பரிமாணத்திலேயே செய்துவிட்டுப் பிறகு நறுக்குங்கள். ஸ்லைசரிலேயே ‘ஹாலோ’ இருக்கிறது. 10 மி.மீ. சுவர் அதே சரிவில் கிடைமட்டமாக 38 மி.மீ. அகலம் தரும், ஒட்ட இடம் தாராளம்.

கோக்கும் முறையில் வேலையைக் கெடுப்பது கெர்ஃப், அதாவது லேசர் எரித்துத் தின்னும் அகலம். 3 மி.மீ. எம்.டி.எஃப்.இல் அது பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கும். கெர்ஃப் 0.15 என்று வைத்துக்கொண்டால், 2.8 மி.மீ. ஷீட்டுக்கு 2.8 என்றே வரைந்த காடி 2.95 ஆகித் தொளதொளவென்று ஆடும். 2.65 வரைந்தால் சரியாக உட்காரும், 2.6 வரைந்தால் சுத்தியல் தட்டில் இறங்கும். அக்ரிலிக்குக்கு அந்த இறுக்கம் ஆகாது, காடியின் உள்மூலையில் விரிசல் விடும். 2.7 வரைந்து பசையை நம்புங்கள். கணக்குப் போடுவதைவிட, 2.50-இல் தொடங்கி 0.05 கூட்டிக் கூட்டி 2.95 வரை பத்துக் காடிகள் கொண்ட ஒரு சீப்பை முதலில் வெட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டு நிமிட வேலை. கெர்ஃப் ஈடுசெய்வது ஒரே இடத்தில் நடக்கட்டும். ஸ்லைசரிலும் கொடுத்து, லேசரை இயக்கும் லைட்பர்ன் மென்பொருளிலும் கொடுத்தால் காடி இருமடங்கு சுருங்கி எதுவும் நுழையாது.

காதுமடல், விரல் போன்ற மெலிந்த இடங்களில் குறுக்குத் துண்டு எதுவும் சந்திக்காமல் அந்தரத்தில் நிற்கும் துண்டுகள் வரும். ஸ்லைசர் அவற்றை வேறு நிறத்தில் காட்டும். துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது உருவத்தை அந்த இடத்தில் பருமனாக்குங்கள். வெட்டக் கொடுக்கும் முன் கோக்கும் வரிசையைத் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். கடைசித் துண்டு உள்ளே போக வழியில்லை என்பது மேசையில் தெரியவந்தால் ஷீட் வீண்.

ஏற்றுமதி செய்த வளைவுகள் ஆயிரக்கணக்கான குட்டிக் கோடுகளாக உடைந்து வரும். லேசர் தலை தயங்கித் தயங்கி நகர்ந்து ஓரம் கருகும். இங்க்ஸ்கேப்பில் கோட்டை எளிதாக்கும் கண்ட்ரோல் எல் ஒருமுறை தட்டினால் குறையும், ஆனால் காடிகளின் கூர்மூலையும் மழுங்கிவிடும் என்பதால் இதை அடுக்கு முறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டில் நெருக்கி அடுக்க டீப்நெஸ்ட் என்ற இலவசக் கருவி போதும்.

பிளைவுட்டில் பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) தரம் வேண்டாம். அதன் ஃபீனாலிக் பசை கருகுமே தவிரச் சுத்தமாக வெட்டுப்படாது. எம்.ஆர். (ஈரத்தை ஓரளவு தாங்கும்) தரம் லேசருக்கு இணக்கமானது. பி.வி.சி.யை எக்காரணம் கொண்டும் மெஷினில் வைக்காதீர்கள், வரும் புகை ஹைட்ரஜன் குளோரைடு. நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும். அக்ரிலிக் என்றால் வெட்டிய ஓரத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டாம், மயிரிழை விரிசல்கள் ஓடும்.

மெஷினில் முதலில் துண்டின் எண்ணைப் பொறித்தல், பிறகு உள்துளைகள், கடைசியில் வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்து துளை இடம் தவறும். அடுக்குகளை நேர்நிறுத்த இரண்டு கம்பித் துளைகள் வையுங்கள். ஒன்று 6 மி.மீ., மற்றது 4. இரண்டும் ஒரே அளவாக இருந்தால், சமச்சீரான அடுக்கைத் தலைகீழாகக் கோத்திருப்பது ஐம்பதாவது அடுக்கில்தான் தெரியவரும். பொறித்த எண் எப்போதும் மேல்முகத்தில், ஆனால் அடுத்த அடுக்கு வந்து மூடும் இடத்தில் இருக்கட்டும்.