மோட்டார் ரூமில் ஒரு சிம் கார்டு: 14 மாச அனுபவம்

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு 70 சென்ட் இருக்கு. 600 ஏத்தன் வாழை, ஒரு கிணறு, 5 எச்பி மோட்டார். வீட்டுக்காரர் கேரளாவில் வேலை பார்க்கிறார், தோட்டம் என் பொறுப்பு. வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி முறையில் வரும் வாரங்களில் ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் மோட்டார் போட டார்ச்சும் கம்புமாக நடந்திருக்கேன். பாம்பு கிடக்கும், பன்றி நிற்கும். பக்கத்திலேயே புலிகள் காப்பகம், கரடி பயமும் உண்டு. நான் திரும்பி வரும்வரை மகள் தூங்காமல் வாசல்நடையில் உட்கார்ந்திருப்பாள்.

2024 ஆனி மாசம் 5,800 ரூபாய்க்கு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கினேன். பழைய ஸ்டார்ட்டர் பக்கத்தில் மாட்டி, ஒயர் கொடுத்து, உள்ளே ஒரு சிம் போடணும். கரண்ட் வந்ததும் அது நம்மைக் கூப்பிடும். நாம் அதைக் கூப்பிட்டால் பெண் குரலில் தமிழில் பேசும்: 1 அமுக்கினால் மோட்டார் ஓடும், 2 அமுக்கினால் நிற்கும். மூணு ஃபேஸில் ஒண்ணு போனாலோ, கிணற்றில் தண்ணி தீர்ந்தாலோ தானே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லும். நெட் வேண்டாம், டச் போனும் வேண்டாம்.

எங்க அத்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மகளுக்குக் காய்ச்சல் என்று நான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்த 6 நாளும் அத்தைதான் பட்டன் போனில் வாழைக்குத் தண்ணி விட்டாங்க. "மருமவளே, அந்தப் பிள்ள மோட்டார் ஓடுதுன்னு சொல்லுதா, நீ கவலப்படாம இரி" என்று அவங்க சொன்னபோது எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

இன்னொன்றையும் சொல்லணும். சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பதால் எனக்கு மடை திருப்ப ஆள் வேண்டாம். வாய்க்கால் பாசனம் என்றால் மோட்டாரைப் போனில் போட்டாலும் மண்வெட்டியோடு போய்த்தான் ஆகணும்.

ராத்திரி நடைக்கு முன்னால் கொஞ்ச காலம் ஆட்டோ சுவிட்ச் வைத்திருந்தோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஓடும், போகும்வரை ஓடிக்கிட்டே இருக்கும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயக் கரண்ட் இலவசம் என்பதால் பில் பயம் இல்லை. ஆனால் கிணறு வற்றும். சித்திரையில் தண்ணி அடிக்குப் போய், மோட்டார் காற்றை இழுத்து ஓடி, ரெண்டு தடவை மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகியது. ஒவ்வொரு தடவையும் காயில் கட்ட 4,000க்கு மேல், வாழையும் நாலைந்து நாள் காய்ந்து கிடக்கும். இந்த மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டிய பிறகு காயில் போகவில்லை. எனக்கு இது ஒண்ணுக்கே போட்ட காசு தேறிவிட்டது.

குறைகளும் உண்டு. மாட்டிய முதல் 4 நாளும் மோட்டார் ரெண்டு நிமிஷத்தில் நின்று நின்று போனது. மாட்டிக்கொடுத்த தம்பி, "அக்கா, ஆம்ப் செட் பண்ண விட்டுட்டேன்க்கா" என்று அப்புறம் வந்து சரிசெய்தார். ஆம்ப் என்பது மோட்டார் இழுக்கும் கரண்டின் அளவு. குழாயில் தண்ணி நிறைந்து ஓடும்போதே அந்த அளவைப் பதியச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். நம் வீட்டு நம்பர்களையும் அப்போதே பதிந்துவிடணும். ஐப்பசி இடியில் போர்டு போய் 1,400 ரூபாய் செலவு, 9 நாள் பழையபடி நடை. இப்போது இடி மழை என்றால் முன்கூட்டியே மெயினை இறக்கிவிடுகிறேன்.

ரீசார்ஜ்தான் எனக்குப் பெரிய மனக்குறை. ரெண்டு போனுக்குப் போடவே திணறும் வீட்டில் மூணாவது சிம் சுமை. அதுவும் ஆரம்பத்தில், மோட்டாருக்கு உதவாத டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்டினேன். 2024 டிசம்பரில் போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு ஆணையமான டிராய், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் தனியாகத் தரணும் என்று உத்தரவு போட்டது. அதுக்குப் பிறகு கடையில் அதைத்தான் கேட்டுப் போடுகிறேன். நீங்களும் வாய்விட்டுக் கேளுங்கள்.

வாங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பாதி விலை வரை மானியம் அறிவித்திருந்தாங்க. பட்டா என் பேரிலேயே இருந்தும், விவரம் தெரியாமல் நான் முழுப் பணம் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் சிக்னல். எங்கள் மோட்டார் ரூமுக்குள் ஒரு கோடுதான் எடுக்கும். ஆன்டெனா ஒயரை ஓட்டுக்கு மேலே ஏற்றிக் கட்டிய பிறகே ஒழுங்காக வேலை செய்தது. பெட்டிக்குப் பணம் கொடுக்கும் முன், எந்த சிம் போடப் போகிறீர்களோ அதை உங்கள் போனில் போட்டு, மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்று வீட்டுக்கு ஒரு கால் பண்ணிப் பாருங்கள். ராத்திரியிலும் ஒரு தடவை பாருங்கள்.