குறைந்த வாட்டா, குறைந்த பேண்டா? ஹாம் உரிமத்தின் முதல் படி

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலி அலைகளில் பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு, புதிதாக வருபவருக்கு எல்லை போட இரண்டு வழிகள் உண்டு. அனுப்பும் ஆற்றலைக் குறைக்கலாம், அல்லது பேண்டுகளை, அதாவது பயன்படுத்தும் அலைவரிசைப் பகுதிகளை, குறைக்கலாம். பிரிட்டனின் ஃபவுண்டேஷன் உரிமம் முதல் வழி. அமெரிக்காவின் டெக்னீஷியன் பெரும்பாலும் இரண்டாவது.

தேர்வில் பெரிய வேறுபாடு இல்லை. டெக்னீஷியனுக்கு 35 கேள்விகளில் 26 சரியாக இருக்க வேண்டும். ஃபவுண்டேஷனுக்கு 26-இல் 19. ஆனால் அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட கேள்விகள் விடையோடு முன்கூட்டியே வெளியாகிவிடும். மனப்பாடம் செய்தே தேறிவிடலாம். பிரிட்டனில் பாடத்திட்டமும் மாதிரித் தேர்வுகளும்தான் கைக்குக் கிடைக்கும்.

உண்மையான வேறுபாடு உரிமம் வந்தபிறகுதான் தெரியும். டெக்னீஷியனுக்கு 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே எல்லா அமெச்சூர் பேண்டுகளும் திறந்திருக்கும். பொதுவாக 1500 வாட் வரை போகலாம். அதற்குக் கீழே, தொலைதூரம் எட்டும் எச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்), 200 வாட். அங்கே பேசுவதற்கு 28.3 முதல் 28.5 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும்தான். 80, 40, 15 மீட்டர் பேண்டுகளில் (அலைநீளத்தை வைத்து வந்த பெயர்கள்) புள்ளி-கோடு சங்கேதமான மோர்ஸ் மட்டுமே. மோர்ஸ் தேர்வு 2007-லேயே அமெரிக்காவில் முழுவதுமாக நீங்கிவிட்டது. இந்த விதி மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் மோர்ஸ் தெரியாத புதியவர் இரவில் 40 மீட்டர் களைகட்டும்போது கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கையடக்க ரேடியோவும், அதன் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ஊர் ரிப்பீட்டருமாகவே பலருக்கு ஆர்வம் வற்றிவிடுகிறது.

ஃபவுண்டேஷன் பெரும்பாலான எச்எஃப் பேண்டுகளில் பேச விடுகிறது. 10 வாட்டாக இருந்த வரம்பு 2024-இல் 25 ஆனது. 25 வாட்டில் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 400 வாட்டோடு ஒப்பிட்டால் குறைவது 12 டெசிபெல், வரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டே புள்ளிகள். பேண்ட் திறந்திருந்தால் கடல் தாண்டிக் கேட்கும். ஆண்டெனாவைச் சரிசெய்யவும் நேரம் பார்த்து அழைக்கவும் குறைந்த ஆற்றல்தான் கற்றுத்தரும். கை தவறினாலும் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை குறைவு. முதல் படியிலேயே 1500 வாட் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

சரி, டெக்னீஷியனுக்கும் ஒரு பெருமை உண்டு: சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் கட்ட அங்கே தடை இல்லை. ஃபவுண்டேஷன்காரர்கள் 2024 வரை கடைக் கருவியோடும், பாகங்களாக வாங்கிப் பொருத்தும் கிட்டோடும் நிற்க வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பயணத்தில் இரண்டுக்கும் ஒரே நிலைமைதான்; ஒரு நாட்டு உரிமத்தை மற்ற நாடுகளும் ஏற்கும் ஐரோப்பிய செப்ட் ஏற்பாட்டில் இவை சேராது.

ஜெர்மனி 2024-இல் கொண்டுவந்த என் வகுப்பு இரண்டையுமே குறைத்துவிட்டது: 10 மீட்டர், 2 மீட்டர், 70 சென்டிமீட்டர், ஆற்றல் 10 வாட். சூரியச் சுழற்சி இறங்கும் ஆண்டுகளில் 10 மீட்டர் பெரும்பாலும் உறங்கிவிடும். அப்போது இவர்களுக்குத் தொலைதூர எச்எஃப் பேச்சே அரிதாகிவிடும்.

அதனால் என் ஓட்டு ஃபவுண்டேஷனுக்கு. டெக்னீஷியன்களுக்கு 80, 40, 15 மீட்டரிலும் பேச இடம் வேண்டும் என்று அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் 2018-இல் கேட்டது. நியாயமான கோரிக்கை. அங்கே 25 வாட் வரம்பு வைத்துக் கொடுத்தாலே போதும்.