பிஜி ரீபேக்: பெரிய டேபிள்களில் நீண்டகாலம் ஓட்டிப் பார்த்த பிறகு

போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸில் ஒரு வரியை அப்டேட் செய்தால் பழைய வரி அங்கேயே கிடக்கும், புதியது வேறிடத்தில் எழுதப்படும். இப்படிச் செத்த வரிகளை, பின்னணியில் தானாக ஓடும் ஆட்டோவேக்யூம் சுத்தம் செய்து, அந்த இடத்தை அதே டேபிளின் அடுத்தடுத்த எழுத்துக்கு விட்டுக்கொடுக்கும். டேபிளின் கடைசியில் முழுக்கக் காலியான பக்கங்கள் இருந்தால்தான் டிஸ்க்குக்கு இடம் திரும்பும். பாதி வரிகளை டெலீட் செய்த பிறகும் டேபிள் பழைய அளவிலேயே நிற்பது இதனால்தான். டேபிளையே புதிதாக எழுதும் வேக்யூம் ஃபுல் போட்டால் சுருங்கும், ஆனால் அது முடியும்வரை அந்த டேபிளில் செலக்ட்கூட ஓடாது. நேரலையில் இருக்கும் தளத்தில் அதற்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள்.

அந்த வேலையைச் சேவையை நிறுத்தாமல் செய்வதுதான் பிஜி ரீபேக். பிஜி ரீஆர்க் என்ற பழைய திட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்த திறமூலக் கருவி இது. நம்பி ஓட்டலாம். ஆனால் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது.

முதலில், தேவையா என்று அளந்து பாருங்கள். பிஜிஸ்டாட்டப்பிள் எக்ஸ்டென்ஷனில் உள்ள அப்ராக்ஸ் ஃபங்ஷன், காலியிடமும் செத்த வரிகளும் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். செத்த வரிகள்தான் அதிகம் என்றால் கோளாறு ஆட்டோவேக்யூம் அமைப்பில் இருக்கிறது. எந்த விகிதம் செத்தால் சுத்தம் தொடங்கும் என்று சொல்லும் ஸ்கேல் ஃபேக்டர் இயல்பாக 0.2, அதாவது 20 கோடி வரி உள்ள டேபிளில் 4 கோடி வரி செத்த பிறகே ஆட்டோவேக்யூம் எட்டிப் பார்க்கும். பெரிய டேபிளுக்கு மட்டும் அதை 0.01 அல்லது 0.02 என்று குறைத்துவிட்டால் பல நேரம் ரீபேக்கே தேவைப்படாது. இந்த வீண் இடம், அதாவது வீக்கம், இண்டெக்ஸில் மட்டும் என்றால், டேபிளை நிறுத்தாமல் இண்டெக்ஸை மறுபடி கட்டும் ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி போதும். போஸ்ட்கிரெஸ் 12 முதல் அது உள்ளேயே இருக்கிறது.

ரீபேக் வேலை செய்யும் முறை தெரிந்தால்தான் அது எங்கே நிற்கிறது என்று புரியும். முதலில் மூல டேபிளில் ஒரு டிரிக்கரை (ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாக ஓடும் நிரல்) வைத்து, நடக்கும் மாற்றங்களை ஒரு பதிவு டேபிளில் சேர்க்கிறது. வரிகளைப் புது டேபிளுக்கு நகலெடுக்கிறது, இண்டெக்ஸ் கட்டுகிறது, பதிவில் சேர்ந்ததைப் புது டேபிளில் ஏற்றுகிறது. கடைசியில் இரண்டின் கோப்புகளையும் சிஸ்டம் கேட்டலாக்கில் (எந்த டேபிளுக்கு எந்தக் கோப்பு என்ற உள்பட்டியல்) இடம் மாற்றிவிட்டுப் பழையதை நீக்குகிறது. தொடக்கத்திலும் இறுதியிலும் மட்டும் வேறு யாரும் டேபிளைத் தொட முடியாத முழுப் பூட்டு கொஞ்ச நேரம் தேவை. டேபிளுக்குப் பிரைமரி கீயோ, காலி மதிப்பை (NULL) ஏற்காத நெடுவரிசைகளில் யூனிக் இண்டெக்ஸோ கட்டாயம். மூல டேபிளும் இண்டெக்ஸ்களும் சேர்ந்து எவ்வளவோ, அதைப்போல் இரு மடங்கு டிஸ்க்கைக் கணக்கில் வையுங்கள்.

நிறுவும்போது வரும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றே. கிளையன்ட் நிரலும் டேட்டாபேஸில் உள்ள எக்ஸ்டென்ஷனும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். சர்வரில் பேக்கேஜை மேம்படுத்தினால் எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்குங்கள். சூப்பர்யூசர் (முழு அதிகாரக் கணக்கு) தராத கிளவுட் டேட்டாபேஸில் சிறிய கே (-k) ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரின் டிரான்ஸாக்ஷன் பூலிங் வழியாக ஓட்ட வேண்டாம், நேரடி இணைப்பு கொடுங்கள். நெட் அறுந்தாலும் வேலை அறாதபடி டிமக்ஸ் (tmux) டெர்மினலுக்குள் ஓட்டுவது நல்லது.

நகலெடுப்பும் இண்டெக்ஸும் முடிந்த பிறகு பலரும் பார்ப்பது "1 டிரான்ஸாக்ஷன் முடியக் காத்திருக்கிறேன், முதல் பிஐடி (இணைப்பின் அடையாள எண்) இது" என்ற நோட்டீஸ். நகலெடுப்பு தொடங்கியபோதே திறந்திருந்த டிரான்ஸாக்ஷன் முடிந்தால்தான் இறுதி மாற்றத்துக்குப் போகும், இந்தக் காத்திருப்புக்கு எல்லையே கிடையாது. அந்த பிஐடியை, ஓடும் இணைப்புகளைக் காட்டும் பிஜிஸ்டாட் ஆக்டிவிட்டியில் தேடினால், கமிட் போடாமல் விட்ட செஷன் ஒன்று ஐடில் இன் டிரான்ஸாக்ஷன் நிலையில் கிடப்பது வழக்கம். அதற்கான டைம்அவுட்டை முன்பே அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இறுதி மாற்றத்தில்தான் நிஜமான ஆபத்து. முழுப் பூட்டைக் கேட்கும்போது ரீபேக் பொறுப்பாக நடந்துகொள்கிறது. 100 மில்லிசெகண்டில் தொடங்கி 1 செகண்ட் வரை மட்டும் காத்துப் பார்த்து, கிடைக்காவிட்டால் விட்டு மறுபடி கேட்கும். அதனால் பின்னால் வரும் குவெரிகள் நீண்ட வரிசையில் தேங்குவதில்லை. ஆனால் வெயிட் டைம்அவுட் இயல்பாக 60 செகண்ட். அது கடந்தால் குறுக்கே நிற்கும் குவெரியை ரத்து செய்யும், அதன் இரு மடங்கு கடந்தால் இணைப்பையே துண்டிக்கும். இரவு 2 மணிக்கு ஓடும் பிஜிடம்ப் பேக்கப் அந்த டேபிளைப் பிடித்திருந்தால் பேக்கப்பே பலியாகும். காலையில் பேக்கப் தோல்வி என்று பார்ப்பவருக்குக் காரணம் எளிதில் பிடிபடாது. நோ கில் பேக்கெண்ட் ஆப்ஷன் கொடுத்தால் யாரையும் வெட்டாது, ஆனால் பூட்டு கிடைக்காவிட்டால் அதுவரை நகலெடுத்த எல்லாவற்றையும் கைவிட்டு வெளியேறிவிடும். 200 ஜிபி டேபிளில் அது பெரிய இழப்பு. எனவே அந்த ஆப்ஷனோடு வெயிட் டைம்அவுட்டையும் தாராளமாகக் கூட்டி, பேக்கப் நேரத்தோடு மோதாமல் வைப்பதே என் பரிந்துரை.

அடிக்கடி எழுதப்படும் டேபிளில் இன்னொரு முடக்கம் வரும். பதிவில் மிச்சம் சுமார் 100 வரிக்குக் கீழே வந்தால்தான் மாற்றத்துக்குப் போகும், வரும் வேகம் ஏற்றும் வேகத்தை மிஞ்சினால் அந்த நேரம் வரவே வராது. புதிய பதிப்புகளில் அந்த 100 என்ற எல்லையை (ஸ்விட்ச் த்ரெஷோல்ட்) கூட்டலாம், அல்லது எழுத்து குறையும் வேளைக்குத் தள்ளிப்போடலாம். ஜாப்ஸ் ஆப்ஷன் இண்டெக்ஸ் கட்டுவதை மட்டுமே இணையாக்கும். நகலெடுப்பும் பதிவை ஏற்றுவதும் ஒற்றை இணைப்பில்தான் நடக்கும்.

அதிகம் பேசப்படாத பக்கவிளைவு ஒன்று உண்டு. நகலெடுக்கும் டிரான்ஸாக்ஷன் திறந்திருக்கும் வரை, அதே டேட்டாபேஸின் மற்ற டேபிள்களில் அதன் பிறகு சாகும் வரிகளையும் ஆட்டோவேக்யூமால் அகற்ற முடியாது. ஒரு டேபிளை இளைக்க வைக்கும் அந்தச் சில மணி நேரத்தில், அடிக்கடி அப்டேட் ஆகும் கியூ டேபிள் ஒன்று ஊதிவிடும். புது டேபிள் முழுவதும் வால் (WAL, மாற்றங்களின் பதிவு) கோப்புகளிலும் எழுதப்படுவதால் ரெப்ளிகா, அதாவது நகல் சர்வர், பின்தங்கும். நகல் சர்வர் படிக்கும்வரை வால் கோப்புகளைப் பிடித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் இருந்தால் வால் டிஸ்க் நிறைவதையும் கண்காணியுங்கள்.

நடுவில் கொன்றுவிட்டால் டிரிக்கரும் ரீபேக் ஸ்கீமாவில் பதிவு டேபிளும் மிஞ்சிவிடலாம். அப்படியே விட்டால் ஒவ்வொரு இன்சர்ட்டும் அங்கேயும் எழுதிக்கொண்டே இருக்கும். எக்ஸ்டென்ஷனை கேஸ்கேடோடு (சார்ந்தவற்றையும் சேர்த்து) நீக்கிவிட்டு மறுபடி உருவாக்கினால் சுத்தமாகிவிடும்.

வெற்றிகரமாக முடிந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸை அதுவே ஓட்டும், வேக்யூமை ஓட்டாது. எந்தப் பக்கத்தின் வரிகள் எல்லாருக்கும் தெரியும் என்று குறிக்கும் விசிபிலிட்டி மேப் புது டேபிளுக்கு இல்லாததால், இண்டெக்ஸை மட்டும் படிக்க வேண்டிய இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன் ஒவ்வொரு வரிக்கும் டேபிளைப் போய்ப் பார்க்கும். "ரீபேக் செய்த பிறகு குவெரி மெதுவாகிவிட்டது" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கையோடு சாதாரண வேக்யூம் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, இது போஸ்ட்கிரெஸின் உள் அமைப்பைத் தொடும் சி நிரல். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் யாரோ உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கிறது, அதைச் செய்துவருபவர்களுக்கு மனமார்ந்த நன்றி. போஸ்ட்கிரெஸை மேம்படுத்தத் திட்டமிடும்போது அந்தப் பதிப்புக்கான ரீபேக் வெளிவந்துவிட்டதா, உங்கள் கிளவுட் நிறுவனம் அதைத் தருகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். டிரிக்கரின் கூடுதல் எழுத்தைத் தாங்க முடியாத டேபிள் என்றால் சைபர்டெக்கின் பிஜி ஸ்க்வீஸைச் சோதித்துப் பார்க்கலாம். அது டிரிக்கர் இல்லாமல், வால் கோப்புகளிலிருந்தே (லாஜிக்கல் டிகோடிங்) மாற்றங்களைப் பிடிக்கிறது, அதற்கு வால் லெவலை லாஜிக்கல் என்று வைத்து சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.