அப்ரூவல் லெட்டரின் இரண்டாம் பக்கம் எங்கே? – 6,60,000 ரூபாய் போனது

மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பதிவுக்குக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். 6,60,000 ரூபாய். 1,200 சதுர அடி, சதுர அடி 550. பத்திரம் கையில் இருக்கிறது, மனைதான் இல்லை. நேற்று மாலை மனையை விற்ற நிறுவனத்தில் "இனிமே ஆபீஸ் பக்கம் வராதீங்க, வக்கீல் மூலமா பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்றும் எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயர் போடவில்லை. புறவழிச்சாலை ஓரம் புன்செய் நிலத்தை வளைத்து, கல் நட்டு, கலர் கொடி கட்டி, ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆள் ஏற்றிப் போய்க் காட்டுகிற வகை. ஊரைச் சுற்றி அப்படி எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

"டி.டி.சி.பி. அப்ரூவ்டு", அதாவது நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் பெற்றது என்று வாயால் சொல்பவர்களை நம்பியிருக்க மாட்டேன். இவர்கள் காகிதத்தையே நீட்டினார்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத் தலைப்பு, முத்திரை, சர்வே எண், பரப்பு 3 ஏக்கர், மேலே ந.க. எண். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கடிதம் அசல். போலியா என்று மட்டும்தான் பார்த்தேன், எந்தக் கட்டத்துக் கடிதம் என்று பார்க்கவில்லை. கீழே வலது ஓரத்தில் பொடி எழுத்தில் "1/3" என்று இருந்தது. மிச்சம் ரெண்டு பக்கம் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் ஜெனரல் கண்டிஷன் சார், எல்லா லேஅவுட்டுக்கும் அதேதான். ஸ்கேன்ல விட்டுப்போச்சு, நாளைக்கு வாட்ஸ்அப் பண்றேன்." சிரித்துக்கொண்டே சொன்னார்கள். டோக்கன் 25,000 அந்த இடத்திலேயே ஜிபேயில் போனது. அந்த நாளை இன்னும் வரவில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. மனைப்பிரிவு ஒப்புதல் ஒரே காகிதத்தில் முடிவதில்லை. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. வரைபடத்தைப் பரிசீலித்து, முதலில் நிபந்தனையோடு ஒரு கடிதம் கொடுக்கும். தொழிலில் இருப்பவர்கள் ஸ்கெலட்டன் என்பார்கள். சாலையைத் தரையில் போடு, சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாகப் பத்திரம் பதிந்து கொடு, வாய்க்கால் குறுக்கிட்டால் அதற்கான தடையின்மைச் சான்று கொண்டு வா என்பதெல்லாம் அதில் இருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மனை எண்களோடு வரைபடத்துக்கு ஒப்புதல் எண் விழும், அதன் பிறகு ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோ இறுதி ஒப்புதல் கொடுக்கும். அதற்கு முன்னால் மனை என்று விற்க அங்கே ஒன்றுமே இல்லை. ந.க. எண் என்பது வெறும் கோப்பு எண். "உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்று வரும் கடிதத்திலும் அது இருக்கும். அதைத்தான் பிளெக்ஸில் "டி.டி.சி.பி. நம்பர்" என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள்.

அவர்கள் ஏன் தானப் பத்திரம் போடவில்லை? இதைக் கண்டுபிடிக்கத்தான் நாலு மாதம் ஆயிற்று. கணக்கைப் பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 3,000 சதுர மீட்டர் வரை பூங்காவுக்கான திறந்தவெளி ஒதுக்கத் தேவையில்லை. 3,000-இலிருந்து 10,000 வரை, சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் இடமாக விட வேண்டும், முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 10,000 தாண்டிவிட்டால் பணம் கட்டித் தப்ப முடியாது, இடமாகத்தான் கொடுத்தாக வேண்டும். 3 ஏக்கர் என்றால் 12,140 சதுர மீட்டர். சாலைக்கு 3,600 போனால் மிச்சம் 8,540. அதில் பத்தில் ஒரு பங்கு 854 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 9,200 சதுர அடி. 1,200 சதுர அடி மனையாக வெட்டினால் ஏழு மனை. ஏழு மனை 6,60,000 வீதம் 46,20,000 ரூபாய்.

அலுவலகத்தில் இருக்கிற வரைபடத்தில் அந்த ஏழு மனை இடம் பச்சைக் கோடு போட்ட பூங்கா. அவர்கள் அச்சடித்த வழவழப்பு நோட்டீஸில் அதே இடத்தில் 24 முதல் 30 வரை மனை எண். பூங்காவுக்கு என்று மூலையில் உயரழுத்த மின்கம்பிக்கு அடியில் ஒரு முக்கோணத் துண்டைக் காட்டி, ரெண்டு தென்னை மரமும் ஒரு ஊஞ்சலும் வரைந்திருந்தார்கள். தானப் பத்திரம் போட்டால் 24 முதல் 30 வரை ஊராட்சிக்குப் போய்விடும், விற்க முடியாது. போடாவிட்டால் இறுதி ஒப்புதல் வராது. விற்பதே மேல் என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் வாங்கியது 27.

சரி, ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவு அலுவலகம் எப்படிப் பதிந்தது? பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு, உரிய அனுமதி இல்லாமல் விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்றி விற்றால் பதியக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் 20.10.2016 முதல் அமலில் இருக்கிறது. ஏற்கெனவே மனை என்று பதிவான அதே மனைக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் இவர்கள் மனை என்றே எழுதவில்லை. பத்திரத்தில் சொத்து விவரம் இப்படி: "புன்செய் ஏக்கர் 3.00-ல் இதன் மத்தியில் 2¾ சென்ட் நிலம், 23 அடி பொதுப்பாதையில் நடமாடும் பாத்தியம் உள்பட." 435.6 சதுர அடி ஒரு சென்ட், 2¾ சென்ட் என்றால் 1,198 சதுர அடி. கணக்கு சரியாக இருக்கிறது! மனை எண் 27 என்ற சொல் பத்திரத்தில் எங்குமே இல்லை. வரைபடம் இணைப்பு இல்லை. வரிசையில் நின்றுகொண்டு படிக்கும்போது இது கண்ணில் பட்டது. கேட்டதற்கு, "இங்க சென்ட் கணக்குலதான் எழுதுவாங்க அண்ணே, பட்டாவுல பிளாட் நம்பர் ஏறிடும், டோக்கன் கூப்பிட்டுட்டாங்க, வாங்க." போய்க் கைரேகை வைத்தது என் முட்டாள்தனம். அதை வேறு யார் தலையிலும் கட்டவில்லை.

பணம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். 25,000 ஜிபே. 2,75,000 வங்கி வழியாக, ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லாமல். மிச்சம் 3,60,000 பதிவு நாளில் ரொக்கமாகக் கேட்டார்கள், கொடுத்தாயிற்று. பத்திரத்தில் எழுதிய கிரயத் தொகை 1,98,000. இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டால் அதே பத்திரத்தைக் காட்டி "இதுல 1,98,000தானே இருக்கு" என்கிறார்கள். 6,60,000 கொடுத்ததற்கு என் கையில் ஆதாரம் 3,00,000-க்குத்தான். அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்குபவர் தலையில். அவர்களுக்குத் தெரியாதா என்ன.

வீடு கட்ட ஆரம்பிக்கலாம் என்று போனபோதுதான் குட்டு உடைந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்கு இணையத்தில் சுயசான்று முறை இருக்கிறது. அங்கே மனைப்பிரிவு ஒப்புதல் எண் கேட்கும். ந.க. எண்ணைப் போட்டால் நகரவில்லை. ஊராட்சியில் விசாரித்தால், "அந்த லேஅவுட் எங்ககிட்ட இன்னும் வரவே இல்லியே" என்றார்கள். ஊரமைப்பு அலுவலகத்தில் ஒருவர் வரைபடத்தை மேஜையில் விரித்து, ஸ்கேலை வைத்து அளந்து, பச்சைக் கோட்டின் நடுவில் பேனா முனையை வைத்தார். "உங்க இடம் இதுக்குள்ள வருது" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கிடைத்த பதில்களை வரிசையாகப் போடுகிறேன், உங்களுக்கும் இதே வரிசையில்தான் வரும். முதலில் "ஃபைல் மூவ் ஆகிட்டிருக்கு சார்". பிறகு "அதிகாரி மாறிட்டாரு, புதுசா வந்தவரு கையெழுத்து போடணும்". பிறகு "எம்.டி. வெளியூர்". பிறகு போனை எடுப்பது நின்றது. நேரில் போனால் வரவேற்பில் ஒரு பெண், தினமும் வேறு ஒரு பெண், தினமும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு நாள் தானாகக் கூப்பிட்டு, "வேற ஃபேஸ்ல மனை மாத்தித் தர்றோம், சதுர அடிக்கு 150 சேர்த்துக் குடுங்க." அதாவது 6,60,000 போதாது, இன்னும் 1,80,000 வேண்டும். அந்த இன்னொரு ஃபேஸுக்கும் தானப் பத்திரம் கிடையாது, பார்த்துவிட்டேன்.

நடுவில் ஒரு பொய், இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: "அரசாங்கம் ரெகுலரைசேஷன் ஸ்கீம் வெச்சிருக்கு, 500 ரூபா கட்டி அப்ளை பண்ணிடலாம்." ஒப்புதல் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017 விதிகள் 20.10.2016-க்குள் விற்றுப் பதிவான மனைகளை உடைய மனைப்பிரிவுகளுக்கு. நேற்று வெட்டிய லேஅவுட்டுக்கு அந்தக் கதவு கிடையாது. பூங்கா ஒதுக்கீட்டில் விழுந்த இடத்துக்குச் சுத்தமாகக் கிடையாது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று தலைவர் கையெழுத்தைக் காட்டுவதும் இதே ரகம்தான், ஊராட்சித் தலைவர் தன்னிச்சையாக மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுக்க அதிகாரம் இல்லை.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு? நோட்டீஸில் "ரெரா அப்ளைடு" என்று போட்டிருந்தது. 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவை, ரெரா பதிவு எண் வாங்காமல் விளம்பரம் செய்யவோ புக்கிங் எடுக்கவோ கூடாது, 2016 சட்டத்தின் 3-ஆம் பிரிவு. விண்ணப்பித்திருப்பது பதிவு ஆகாது. 13-ஆம் பிரிவு, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 6,60,000-க்கு 66,000தான். என்னிடம் பதிவுக்கு முன்பே வாங்கியது 3,00,000. அந்த வங்கிப் பரிமாற்றச் சீட்டு இருக்கிறதே, இப்போது புகார் மனுவில் உருப்படியாக நிற்பது அது ஒன்றுதான். மனு போகிறது, பார்க்கலாம்.

பத்துப் பன்னிரண்டு விஷயம் விளக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

ஒப்புதல் கடிதத்தின் எல்லாப் பக்கமும் வாங்குங்கள், கடைசிப் பக்கம் வரை. "1/3" என்று இருந்தால் மூன்றும் கையில் வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மொத்த சர்வே எண்ணுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பதிவுத் துறை தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானமாகப் போன பதிவு அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். ரெரா தளத்தில் ஏற்றியிருக்கும் வரைபடத்தையும் அவர்கள் தரும் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனை எண்ணைத் தேடுங்கள். பத்திர வரைவைப் பதிவுக்கு ரெண்டு நாள் முன்னால் கேளுங்கள். அதில் மனை எண்ணும் ஒப்புதல் எண்ணும் நான்கெல்லை அளவும் இல்லாமல் சென்ட் மட்டும் இருந்தால் டோக்கன் கூப்பிட்டாலும் எழுந்து வெளியே வாருங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

என்னோடு அதே ஏழில் வாங்கிய மூன்று பேரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டேன். 24, 25, 30 இன்னும் விற்கவில்லையாம். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வேன் போகிறது, காலை எட்டு மணிக்கு.