ஃப்ரீட் நிறுவனத்தின் பழுப்பு பாயின்ட் ஷூ: ஒரு நடனக் குழு கேட்டுப் பெற்ற நிறம்

பாலே ஆடும் பெண்கள் கால்விரல் நுனியில் நிற்பதற்காக அணியும் பாயின்ட் ஷூ, மிக நெடுங்காலமாக இளஞ்சிவப்புச் சாட்டின் துணியிலேயே தைக்கப்பட்டு வந்தது. லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் 2018ஆம் ஆண்டின் இறுதியில் அதே ஷூவை 'பாலே பிரவுன்', 'பாலே புரோன்ஸ்' என்ற இரண்டு பழுப்பு நிறங்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. என் அக்கா மகள் லண்டனில் பாலே கற்கிறாள். அவளுக்காக வாங்கிய வெண்கலச் சாயல் சோடியை வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஆனால் இந்த ஷூவை மட்டும் தனியே எடுத்துப் பேசினால் பாதிதான் சொன்னதாகும். இதை ஃப்ரீட் நிறுவனம் 'பாலே பிளாக்' என்ற சமகால பாலே குழுவோடு சேர்ந்து உருவாக்கியது. அந்தக் குழு எப்படித் தோன்றியது என்பது தெரிந்தால்தான், நிறத்தை மாற்றுவது போன்ற ஒரு சின்னக் காரியத்துக்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதும் விளங்கும்.

பாலே பிளாக் குழுவை 2001இல் தொடங்கியவர் காஸா பாஞ்சோ. பெற்றோரில் ஒருவர் டிரினிடாடையும் மற்றவர் பிரிட்டனையும் சேர்ந்தவர். ராயல் அகாடமி ஆஃப் டான்ஸில் பயின்ற அவர், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வுக்காக பிரிட்டனின் பாலே குழுக்களில் ஆடும் கறுப்பினப் பெண்களைச் சந்தித்துப் பேச நினைத்தார். பேட்டி காண ஒருவர்கூட அகப்படவில்லை. பெரும்பாலும் நடனக் குழுக்களை நிறுவுகிறவர்கள் பெரிய அரங்குகளில் முதன்மைக் கலைஞராக ஆடிப் பெயரெடுத்து, அந்தப் பெயரை முதலாக வைத்துக் குழு தொடங்குவார்கள். நியூயார்க்கில் கறுப்பின நடனக் கலைஞர் ஆர்தர் மிட்செல் அப்படித்தான் செய்தார்: நியூயார்க் சிட்டி பாலேயில் 1955இல் சேர்ந்து, அங்கே முதன்மைக் கலைஞராக உயர்ந்து, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, 1969இல், கரேல் ஷுக்கோடு சேர்ந்து 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்' குழுவை நிறுவினார். பாஞ்சோவிடம் அப்படிப்பட்ட மேடைப் புகழ் எதுவும் இல்லை. படிப்பு முடிந்த கையோடு, கறுப்பின, ஆசிய வம்சாவளி நடனக் கலைஞர்களுக்கென்று ஒரு சிறு குழுவை ஆரம்பித்துவிட்டார்.

அவர் செய்த தெரிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, தானே நடனம் அமைத்துத் தன் பெயரை முன்னிறுத்தாமல், கலை இயக்குநராக நின்று மற்றவர்களிடம் புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கியதுதான். கேத்தி மார்ஸ்டன், ஆர்தர் பீட்டா, அனபெல் லோபஸ் ஓச்சோவா போன்ற நடன அமைப்பாளர்கள் இந்தச் சிறு குழுவுக்காகப் புதிய படைப்புகளை உருவாக்கினார்கள். குழுவிலேயே ஆடிய தென்னாப்பிரிக்கரான ம்துதுசெலி நவம்பர், தன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களின் 1946ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை வைத்து 2019இல் அமைத்த 'இங்கோமா' அடுத்த ஆண்டு பிரிட்டனின் மேடைக்கலைகளுக்கான ஆலிவியர் விருதைப் பெற்றது. இவற்றோடு, சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றையும் பாஞ்சோ மேற்கு லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் தொடங்கினார். கறுப்பினக் குழந்தைகள் பாலேக்கு வருவதில்லை என்று சொல்லிவந்தவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. ஆக, குழு, புதிய படைப்புகள், பள்ளி என்று ஒவ்வொரு சாக்குப்போக்குக்கும் இடமில்லாமல் செய்துகொண்டே வந்தவருக்கு, கடைசியில் கலைஞர்களின் காலில் இருந்த பொருளே மிச்சமாக நின்றது.

இளஞ்சிவப்பு நிறம் அலங்காரத்துக்காக வந்ததன்று. இடுப்பிலிருந்து விரல் நுனிவரை கால் ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பது பாலேயின் அடிப்படை. வெள்ளைத் தோலுக்கு இளஞ்சிவப்பு டைட்ஸும் (காலோடு ஒட்டிய நீளக் காலுறை) ஷூவும் ஓரளவு ஒத்துப்போனதால் அதுவே வழக்கமாயிற்று. கருந்தோல் கொண்டவர் அதையே அணியும்போது, உடல் ஒரு நிறமும் கால் ஒரு நிறமுமாகி, அந்தக் கோடு அறுந்துவிடுகிறது. இதை மிட்செல் 1970களிலேயே உணர்ந்து, தன் குழுவில் அவரவர் தோல் நிறத்துக்கு ஏற்ற டைட்ஸையும் ஷூவையும் அணியவைத்தார். ஆனால் அந்த நிறத்தில் ஷூ கடையில் கிடைக்காததால், கலைஞர்கள் சாயம் தோய்ப்பார்கள், இல்லையென்றால் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனைப் பஞ்சால் தொட்டுச் சாட்டின் முழுக்க ஒற்றி ஒற்றிப் பூசுவார்கள். நடன வட்டாரத்தில் இதைப் 'பேன்கேக் பண்ணுவது' என்பார்கள். பாலே பிளாக்கின் மூத்த கலைஞராக இருந்த சிரா ராபின்சன், ஹார்லெம் குழுவில் இருந்த நாட்களில் தொடங்கி லண்டனுக்கு வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் இதைச் செய்துவந்தவர். தொழில்முறைக் கலைஞர் ஒருவருக்கு ஒரு சோடி ஷூ சில நாட்களுக்கு மேல் தாங்காது. பெரிய பாத்திரமென்றால் ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட சோடிகள்கூட வீணாகும். அப்படியிருக்க, சக கலைஞர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் இவர்கள் உட்கார்ந்து சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், அந்த ஃபவுண்டேஷனுக்குச் சொந்தக் காசைச் செலவழித்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்த்தால், இந்தப் பழுப்புச் சாட்டினின் மதிப்பு தெரியும்.

இனி ஷூவுக்கு வருகிறேன். ஃப்ரீட் 1929இல் தொடங்கப்பட்ட நிறுவனம். பட்டறை கிழக்கு லண்டனின் ஹாக்னியில் உள்ளது. பாயின்ட் ஷூவை அங்கே உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, விரல்கள் நுழையும் முன்பகுதியைச் சாக்குத்துணி, காகிதம், பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கி, பிறகு புரட்டிப் போட்டுச் சுத்தியலால் தட்டி வடிவம் கொடுத்து, சூளையில் இரவு முழுக்க உலர்த்துகிறார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு முத்திரை உண்டு. அதை அடிப்பகுதித் தோலில் பார்க்கலாம். தேர்ந்த கலைஞர்கள் இன்ன முத்திரைக்காரர் செய்ததுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். பழுப்பு ஷூவிலும் இவற்றில் எதுவும் மாறவில்லை. மாறியது மேல்துணியின் நிறம் மட்டுமே. என்னைப் பொறுத்தவரை இதுவே இதன் முதல் சிறப்பு. அக்கா மகள் முன்பு அணிந்த அதே அளவும் அகலமும் இதிலும் அப்படியே பொருந்தின; புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லை.

கையில் எடுத்துப் பார்த்தால், விரல் முனைக்கு அடியில் சாட்டின் விசிறி மடிப்பாகக் குவிந்து தோலுக்குள் போய் மறையும் இடத்தில் நிறம் சற்று ஆழ்ந்து தெரிகிறது. விளக்கொளி பட்டால் மேற்பகுதி செம்பு போல மின்னுகிறது. ஃபவுண்டேஷன் பூசிய ஷூவில் இந்தப் பளபளப்பு இருக்காது. பூச்சு சாட்டினை மங்கவைத்துவிடும், ஈரம் பட்டால் கறையும் படியும். அவள் கால் நீட்டி நிற்கும்போது கணுக்கால் எங்கே முடிகிறது, ஷூ எங்கே தொடங்குகிறது என்று வகுப்பின் மறுகோடியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவில்லை. பாதத்தின் வளைவு நன்றாக எடுத்துக்காட்டப்படுகிறது.

குறை என்று சொன்னால், இரண்டே நிறங்கள் என்பதுதான். எங்கள் வீட்டிலேயே நான்கு பேருக்கு நான்கு மாநிறம். புரோன்ஸ் அவளுக்குப் பெரிதும் ஒத்துப்போகிறது என்றாலும், அவளோடு படிக்கும் நைஜீரிய வம்சாவளிச் சிறுமிக்குப் பிரவுனும் வெளிறியதாகவே இருக்கிறது. அவள் இன்னமும் அதன்மேல் கொஞ்சம் பூசிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கெய்னர் மிண்டன் நிறுவனம் இதற்கு ஓராண்டு முன்பே பழுப்பு நிறங்களைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதன் ஷூ மரபான பசையும் அட்டையும் இல்லாமல் வளைந்து மீளும் செயற்கைப் பொருளால் ஆனது, காலுக்கு வேறு மாதிரியாக இருக்கும். அதற்குப் பழகியவர்களுக்கு அது நல்ல தெரிவு. ஃப்ரீடின் கைவேலைக்குப் பழகிய பாதம் நிறத்துக்காக மட்டும் அங்கே போகத் தேவையில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எந்தச் சாட்டின் ஷூவிலும் முனை சீக்கிரம் தேய்ந்து நூல் பிரியும். இளஞ்சிவப்பில் அது கண்ணில் படாது. கருமையான துணியில் அடியிலுள்ள வெளிர்துணி எட்டிப் பார்க்கும். முனையைச் சுற்றி அதே நிற நூலால் தையல் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்த பாட்டி இருந்தால் கவலையே இல்லை.

பிரிட்டிஷ் ராப் பாடகர் ஸ்டோர்ம்சி 2019ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் பாடியபோது பாலே பிளாக் கலைஞர்களை மேடையேற்றி, கறுப்புத் தோலுக்கேற்ற ஷூ இப்போதுதான் கிடைக்கிறது என்பதைத் திரையில் எழுதிக் காட்டினார். அன்றுதான் பாலே பக்கமே தலைவைத்துப் படுக்காத லட்சக்கணக்கானோர் இதைப் பற்றி அறிந்தார்கள். ஆயினும் பல பயிற்சிப் பள்ளிகளில் இளஞ்சிவப்பே சீருடையாகத் தொடர்கிறது. ஆகையால் வாங்குவதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இது மலிவான பொருள் அன்று, பெட்டியில் பூட்டிவைக்க வாங்குவதும் இல்லை. முதல் பாயின்ட் ஷூ என்றால் இணையத்தில் வாங்கவே வேண்டாம். பொருத்திப் பார்க்கத் தெரிந்தவர் முன்னால் குழந்தையை நிற்கவைத்து, முனையில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தே எடுக்க வேண்டும். ரிப்பனும் எலாஸ்டிக்கும் நாமே தைத்துக்கொள்ள வேண்டியவை. அவற்றையும் அதே பழுப்பில் சேர்த்து வாங்கிவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் இளஞ்சிவப்பு ரிப்பனைக் கட்டினால் கணுக்காலிலேயே கோடு அறுந்துவிடும்.