பிரசவ வரிக்கு லேசர் பேக்கேஜ் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் எங்கள் ஏரியாவிலுள்ள ஒரு ஸ்கின் கிளினிக்கில் பிரசவத்தால் விழுந்த வயிற்று வரிகளுக்கு (ஸ்ட்ரெச் மார்க்) ஃப்ராக்ஷனல் லேசர், அதாவது தோலில் புள்ளி புள்ளியாகச் சூடு வைக்கும் லேசர், வைத்துக்கொண்டேன். வரி போகவில்லை. தோல் கறுத்ததுதான் மிச்சம்.

"ஆறே சிட்டிங், அடையாளமே இருக்காது மேடம்" என்று உறுதியாகச் சொன்னார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி. டாக்டர் எங்கே என்று கேட்டால் "உள்ளே இருக்காங்க" என்று பதில் வந்தது. கடைசி வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மரத்துப்போகும் கிரீம் தடவி லேசர் வைத்தவர் ஒரு டெக்னீஷியன். முதலில் ஓரமாகச் சின்ன இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எரிகிறது என்று சொன்னபோதும் "அப்படித்தான் இருக்கும்" என்றபடி மெஷினை நகர்த்திக்கொண்டே போனார்.

பொருக்கு உதிர்ந்ததும் தொப்புளைச் சுற்றிக் கட்டம் கட்டமாகச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். மெஷின் முனை பதிந்த இடமெல்லாம் அப்படியே அச்சு விழுந்திருந்தது. போய்க் காட்டினேன். லேபிளே இல்லாத டப்பாவில் ஒரு கிரீமைக் கொடுத்து, அடுத்த சிட்டிங்கில் சரியாகிவிடும் என்றார்கள்.

நான் நேராக அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கே டாக்டர் பொறுமையாக விளக்கினார். வரி என்பது மேல்தோலுக்குக் கீழே தோலுக்கு உறுதியும் நெகிழ்வும் தரும் கொலாஜன், எலாஸ்டின் நார்கள் அறுந்து ஏற்படும் தழும்பு. எந்தச் சிகிச்சையாலும் முழுதாக அழியாது, மங்கும், அவ்வளவுதான். சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும் புது வரிகளில் ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) கிரீம் ஓரளவு கேட்கும். ஆனால் கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது, பால் கொடுக்கும்போதும் தவிர்க்கச் சொல்கிறார்கள். என்னுடையதைப் போல வெள்ளையாகிவிட்ட வரிகளுக்கு லேசரோ, நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங்கோ செய்யலாம். நம் மாநிறத்துக்கு லேசர் சூட்டில் கறுப்பு படியும் அபாயம் அதிகம். அதனால் குறைந்த அளவில், சோதித்துப் பார்த்து, போதிய இடைவெளி விட்டுத்தான் வைக்க வேண்டுமாம். படிந்த கறுப்பு மங்க மாதக்கணக்கில் ஆகும்.

அந்த டப்பா கிரீமைத் தூக்கிப் போடச் சொன்னார், ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று. வீரியமான ஸ்டீராய்டை நீண்ட நாள் தடவினால் தோல் மெலிந்து புது வரிகளே விழும். வரிக்கு மருந்து என்று கொடுத்ததே வரியைக் கொண்டுவந்திருக்கும்! இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 2018-லேயே பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கொண்டுவந்துவிட்டார்கள். இவர்கள் பெயர்கூட ஒட்டாமல் கையில் கொடுக்கிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பே டாக்டரை நேரில் பார்த்தாக வேண்டும் என்று சொல்லுங்கள். தோல் மருத்துவத்தில் எம்.டி.யோ டிப்ளமோவோ முடித்தவரா என்று கேட்டு, பதிவு எண்ணை மருத்துவ கவுன்சில் தளத்தில் போட்டுப் பாருங்கள். லேசரை வைக்கப்போவது யார் என்பதையும் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மீதி சிட்டிங்குக்கான பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். பில், போட்டோ, வாட்ஸ்அப்பில் "அடையாளமே இருக்காது" என்று அவர்கள் அனுப்பிய செய்தி, எல்லாவற்றையும் எடுத்து வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் கூப்பிட்டுச் சொல்லலாம். பாதிப்பு நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.